ஒரு நாள் அப்பா

மாமாவை அப்பா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா எனக்குச் சொன்னது, பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டிய பிறகு. மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பள்ளிகொண்டாவில் ஏறி எங்களுக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவருக்கும் சங்கதி அப்போதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று மட்டும்தான் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"ஆஸ்பத்திரிய வுட்டு வெளிய வர்ற வரைக்கும் இவன்தான் உனக்கு அப்பா. வாய் தவறி மாமான்னு வந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்" என்றாள். தோல் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் பேச்சாகத் தோன்றாது. நான் தலையாட்டினேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, என்னை அடுத்த ஸ்டாப்புல எறக்கி வுட்டுடு. கூடப்பொறந்தவளுக்குப் புருஷன்னு போய் நிக்கறதா? பாவம்க்கா."

"பாவம் என்னோட போவட்டும். நீ ஒண்ணும் பேச வேணாம். நின்னா போதும்."

மாமா இறங்கவில்லை. வேலூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வெளியே பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது.

நாங்கள் அப்போது ஆம்பூரில், தோல் பதனிடும் ஷாப் ஒன்றின் பின்பக்கத்து லைன் வீட்டில் இருந்தோம். மதராஸ் மாநிலம் என்று எழுதிக்கொண்டிருந்த காலம். அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. ஊறின தோலை நாளெல்லாம் இழுத்துப் போட்டுப் போட்டு அவர் விரல் நுனியெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். ரசம் சோற்றைப் பிசையும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றினாள். நான் மூத்தவள். எனக்குப் பின்னால் இரண்டு தங்கைகள், கடைசியாக ஒரு தம்பி. நடுவில் இரண்டு பிறந்து தங்காமல் போயின.

தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு உதிரம் நிற்கவே இல்லை. பிரசவம் பார்த்த மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டே, "இன்னொண்ணு வந்தா என்னைக் கூப்புடாதீங்க. என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அதை மறக்கவில்லை. அப்பா மறந்துவிட்டார், அல்லது மறந்ததுபோல் இருந்தார்.

குடை பிடித்துக்கொண்டு எப்போதாவது லைனுக்கு வரும் நர்சம்மா ஒருத்திதான், வேலூர் ஆஸ்பத்திரியில் இனிமேல் பிள்ளை பிறக்காமல் இருக்க ஆபரேஷன் செய்கிறார்கள், காசு கிடையாது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"ஒரே பையனை நம்பி நிறுத்திக்க முடியுமா? அதுவுமில்லாம நீ வயித்தைக் கிழிச்சிக்கினு வந்து படுத்துட்டா இதுங்கள யார் பாக்கறது?" என்றார் அப்பா. அதற்குமேல் பேச்சில்லை. ஷாப்பிலிருந்து வரும் மனுஷருக்குப் பேசுவதற்கென்று உடம்பில் எதுவும் மிச்சமிருக்காது.

அதற்குப் பிறகு அம்மா ஒரு தடவை தானாகவே போய்ப் பார்த்தாள். தம்பியைத் தூக்கிக்கொள்ள என்னையும் கூட்டிப்போனாள். ஒடுகத்தூரில் யாருக்கோ காது குத்துகிறார்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வெயில் எங்கள் காலடிக்கு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நர்ஸ் கூப்பிட்டு, "உன் வூட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டாள்.

"வேலைக்குப் போய்ட்டாரு."

"அவரு வந்து சம்மதம்னு சொல்லணும். இல்லாட்டி டாக்டரம்மா கத்தியத் தொடமாட்டாங்க."

"வயிறு என்னுதுதானேம்மா?"

"சட்டம் என்னுது இல்லியே" என்றாள் நர்ஸ். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அன்றைக்கு அலுத்துப்போயிருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படித்தான் மாமா வந்து சேர்ந்தார்.

இரண்டாவது தடவையும் அதே வராந்தா. மாமா எங்களை விட்டுத் தள்ளி ஒரு தூணோரம் போய் நின்றுகொண்டார். நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன். தேவையே இல்லாதபோதுகூட, "அப்பா, தம்பி அழுவுது. அப்பா, தண்ணி எங்க கீது?" என்று கத்திக் கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் மாமா யாரோ அடித்ததுபோல் திடுக்கிட்டுத் திரும்பினார். சொதப்பியது அம்மாதான். எங்கள் முறை வந்ததும் பதற்றத்தில், "டேய், வாடா இங்க" என்று கூப்பிட்டுவிட்டாள்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, புருஷனையா வாடாங்கற?"

"மாமன் மவன்ம்மா. சின்னதுலேந்து ஒண்ணா வளர்ந்தோம். வாய்ல அப்படியே வந்துடுது."

"ஆளு உன்னவிட சின்னவனாட்டம் கீறானே?"

அம்மா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "பெத்ததெல்லாம் நான்தானம்மா. அவருக்கு இன்னா, அப்படியேதான் இருப்பாரு."

நர்ஸ் சிரித்துவிட்டு உள்ளே விட்டாள்.

டாக்டரம்மா நரைத்த தலை, தடித்த கண்ணாடி. அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். எத்தனை பிரசவம், எத்தனை தங்கியது என்று கேட்டார். கேட்டுக்கொண்டு வரும்போதே அவர் முகம் கடுத்துக்கொண்டு வந்தது. மாமா பக்கம் திரும்பினார்.

"நீயெல்லாம் மனுஷனா? இவளைக் கண்ணால பாத்திருக்கியா நீ? உடம்புல ரத்தமே இல்ல. வருஷா வருஷம் வயித்துல ஒண்ணைக் குடுத்துட்டு நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியற. இந்தப் பொண்ணு இடுப்புல குழந்தையோட நிக்குது பாரு, இது பள்ளிக்கூடம் போக வேண்டிய பொண்ணு இல்லையா?"

மாமாவுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. தை மாதத்துக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. டாக்டரம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"சரி, அழாதே. இப்பவாவது புரிஞ்சுதே. இவளுக்கு இந்த நிலைமையில கத்தி வைக்க முடியாது, தாங்க மாட்டா. ஆனா ஆம்பளைக்கு இது சின்ன வேலை. இன்னைக்கே மாடியில ஆம்பளை டாக்டர் இருக்கார். நீ பண்ணிக்க. சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

மாமா தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்த்தார். அக்கா நிற்கச் சொன்னாள், நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் அவர் முழங்கையைப் பிடித்து, "வாப்பா, பயப்படாத" என்று வாசல் பக்கம் திருப்பினாள். அவர் நடக்கவும் தொடங்கிவிட்டார்.

"ஐயோ வேணாம்மா!" என்று கத்தினாள் அம்மா. ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "அவருக்கு வேணாம். அவர ஒண்ணும் பண்ணிடாதீங்க. என்னையே எதுனா பண்ணுங்க, நான் செத்தாலும் பரவால்ல."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இதை அவர் நிறையத் தடவை பார்த்திருக்க வேண்டும்.

"உங்களைத் திருத்தவே முடியாது. நீங்க சாவீங்க, ஆனா புருஷன் மேல ஒரு கீறல் விழக்கூடாது. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல" என்றார். மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்து, கேழ்வரகும் கீரையும் ஆட்டு ஈரலும் சாப்பிடச் சொல்லி, ரத்தம் ஏறினதும் வரச் சொன்னார். அம்மா சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது பள்ளிகொண்டாவில் மாமா இறங்கிப் போனார். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்துவிட்ட தைரியத்தில், "போய்ட்டு வா மாமா" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் தூக்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக அப்பாவுக்கு முன்னால் உட்காரக்கூட மாட்டார். அன்றைக்கும் உட்காரவில்லை. அப்பா வாசலில் குந்தி, வெந்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மாமா எல்லாவற்றையும் சொன்னார். பஸ், வராந்தா, டாக்டரம்மா கேட்டது, அம்மா குறுக்கே வந்து விழுந்தது, எதையும் விடவில்லை. அம்மா உள்ளே பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் திட்டு என்னுது இல்ல மாமா" என்றார் மாமா கடைசியில், அப்பாவைப் பார்த்து. "உனக்கு வந்தது. நான் வச்சிக்கினு இன்னா பண்றது? அதான் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்பா எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்துத் தம்பியைத் தூக்கிக்கொண்டு நான் சுவரோரம் ஒண்டினேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். சாப்பாட்டு வேளைக்கும் வரவில்லை. மாமா சாப்பிடாமல் ஊருக்குத் திரும்பினார்.

அப்பா அம்மாவிடமும் மாமாவிடமும் வெகுநாள் பேசவில்லை. தன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டார். வெயில் காலம் என்பதால்தான் என்று நினைத்தேன். மழை வந்து, கட்டிலின் கயிறு நனைந்து தொய்ந்தபோதும் அவர் உள்ளே வரவில்லை. ஒரு கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு அங்கேயே கிடந்தார். அம்மா மாத்திரையை விழுங்கிவிட்டு ஓங்கரித்தாள், மறுபடியும் விழுங்கினாள். ஈரல் மட்டும் வாங்கவில்லை. கீரைதான் தினமும்.

தையில் மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா வந்தார், பந்தியில் சாப்பிட்டார், மாமா கையைப் பிடித்து ஏதோ சொன்னார். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.

அது முடிந்து கொஞ்ச நாளில் ஒரு காலை, அப்பா குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத ஷாப் வாசனை அவர்மேல் இருந்தது.

"கெளம்பு" என்றார் அம்மாவிடம்.

"எங்க?"

"அதான், அங்க."

தம்பியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ்தான் இருந்தாள். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். அப்பாவைப் பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினாள்.

"இது யாரு?"

"வூட்டுக்காரரு" என்றாள் அம்மா.

"அன்னிக்கு வந்தது?"

அம்மா தரையைப் பார்த்தாள். நர்ஸ் விடுவிடென்று உள்ளே போய் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். எங்களைக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அப்பாவை விட்டு, அம்மாவை விட்டு, என்னைக் கேட்டார்.

"பாப்பா, பொய் சொல்லாம சொல்லு. இது யாரு?"

"அப்பா."

"அப்ப, அன்னைக்கு வந்தவர்?"

நாங்கள் இன்னும் ஆஸ்பத்திரிக்குள்தான் இருந்தோம். அம்மா சொல்லி வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அதுவும் அப்பா" என்றேன்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பினார். அப்போதுதான் அம்மா சொன்னாள், "அது என் தம்பிம்மா. இவரு வரமாட்டேன்னாரு. எனக்கு வேற யாரு கீறாங்க?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் விரலில் குத்தினார்கள்.

"கொஞ்சம் ஏறியிருக்கு. போதாது" என்றார். "இவளுக்கு இன்னமும் பண்ண முடியாதுப்பா." அப்பாவைப் பார்த்தார். இந்தத் தடவை திட்டவில்லை. "மாடியில டாக்டர் இருக்கார்" என்றார், அவ்வளவுதான்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா கத்துவாள், குறுக்கே ஓடி வருவாள் என்று நான் காத்திருந்தேன். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அம்மா தம்பியின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது. அவள் நிமிரவேயில்லை.

அப்பா மெல்ல எழுந்து நர்சுக்குப் பின்னால் மாடிப்படி ஏறினார்.

பொழுது சாய்வதற்குள் ஆம்பூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். அப்பா காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். லைனில் கேட்டால் இடுப்புப் பிடிப்பு என்று சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லப்பட்டது. பஸ் குலுங்கும்போதெல்லாம் அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேலூரைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள். அவள் தலை சரிந்து அவர் தோளில் விழுந்தது. அப்பா அசையவில்லை. பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட அவர் நகர்ந்துகொள்ளவில்லை.

நான் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தேன். மாமாவுக்கு என்றதும் ஐயோ வேணாம் என்று கத்தினவள், அப்பாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் தன் தம்பிமேல் இருக்கிற பாசம் அப்பாமேல் இல்லை என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன். இப்படிச் செய்துவிட்டு இவளால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படித் தூங்க முடிகிறது என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தம்பியை அவள் மடியில் கிடத்தாமல் நானே வைத்துக்கொண்டு, அப்பா பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.