விலாசம் கேட்ட இணையத்தளம்

எங்கள் தொழிலுக்கு முதல் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம்: ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரின்டர், அடுத்தவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே மறந்துவிடுகிற குணம்.

ஹாலிஎல பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் பதினொரு வருஷமாகப் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் கொப்பி அடித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். தோட்டத்து ஆட்களுக்கு வீடு தரப்போகிற சபை ஒன்று (பெயர் வேண்டாம், நான் இன்னும் கடை நடத்த வேண்டியிருக்கிறது) இனிமேல் விண்ணப்பத்தைக் கையில் வாங்க மாட்டோம், இணையத்தளத்தில்தான் போட வேண்டும் என்று அறிவித்த நாளிலிருந்து என் கடை பாதிக் கந்தோராகிவிட்டது. நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் என்பதால் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எல்லாரும் உரிமையோடு வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

நீங்களும் ஏதாவது ஓர் அரச தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய், எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து பிறந்த திகதியைத் தட்டியவர் என்றால் என் கட்சிதான். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எரிச்சலைச் சொல்ல இதை எழுதவில்லை. செல்வி என்ற ஒருத்திக்கு அந்தத் தளம் செய்ததைச் சொல்ல எழுதுகிறேன். அவளுடைய உண்மையான பெயர் அது இல்லை. பெயரை மாற்ற வேண்டும் என்று ஒரு போட்டோ கொப்பிக்காரிக்குத் தெரிந்திருக்கிறது, அந்தச் சபைக்குத் தெரியவில்லை.

சிவப்பு நட்சத்திரம்

அந்த விண்ணப்பத்தில் எந்தக் கேள்விக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருக்கிறதோ, அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. நட்சத்திரம் இல்லாத கேள்வி என்று ஒன்று எனக்கு அகப்படவில்லை. அடையாள அட்டை இலக்கம், முன்பு இருந்த விலாசம், இப்போது இருக்கிற லயத்தின் இலக்கம், அதில் குடியிருக்கிற அறையான காம்பராவின் இலக்கம், வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து எடுக்கிறார்கள், ஒரு மலசலகூடத்தை எத்தனை பேர் பாவிக்கிறார்கள். வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால் இதையெல்லாம் நான் சத்தம் போட்டுக் கேட்க வேண்டும். முதல் இரண்டு நாள் அப்படித்தான் கேட்டேன். பிறகு வெட்கமாகப் போய், வரிசையை வெளியே நிறுத்திவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

மாரியம்மா என்று ஒரு கொழுந்து பறிக்கிற அம்மா வந்தாள். புருஷன் செத்து ஆறு வருஷம். அவர் என்ன வியாதியில் செத்தார், எந்த ஆஸ்பத்திரியில் செத்தார், அதற்கு முன் குடிப்பழக்கம் இருந்ததா என்று தளம் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு எழும்பும்போது கேட்டாள்:

“அவருக்கும் சேத்தாங்க வீடு குடுக்கப் போறாங்க?”

எல்லாருக்கும் ஒரே நம்பர்

விவரம் எல்லாம் போட்டு முடித்தால் கைபேசிக்கு ஆறு இலக்கத்தில் ஒரு குறியீடு வரும். அதை மூன்று நிமிஷத்துக்குள் தட்ட வேண்டும். கொழும்பில் இருந்துகொண்டு இதை யோசித்தவருக்கு எங்கள் ஊர் தெரியாது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பிள்ளைகளின் பாடத்துக்காக லயத்தில் கிடக்கும். சிலருடையது புருஷன் சட்டைப் பையில் இருக்கும். கையில் கொண்டு வந்தவர்களுக்கோ காசு போடாததால் போன் வாயை மூடியிருக்கும்.

ஆகவே நான் ஒரு காரியம் செய்தேன். என் நம்பரைப் போட்டேன். முதலில் ஒருத்திக்கு, பிறகு அவள் தங்கச்சிக்கு, பிறகு வந்த எல்லாருக்கும். கடிதம் வந்தால் கடைக்கு வரட்டும், செய்தி வந்தால் போனுக்கு வரட்டும், நான் சொல்லிக்கொள்கிறேன் என்று இருந்துவிட்டேன். தோட்டத்தில் அது பெரிய அதிசயமும் இல்லை, ஒருவர் மற்றவருக்குச் செய்தி எடுத்துக்கொண்டு போவதுதான் அங்கே வழக்கம். இத்தனை பேருக்கு ஒரே நம்பரா என்று தளமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலைப் பெரட்டில் நின்று பெயர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புகிற கங்காணி ஒருவர் தன் விண்ணப்பத்தோடு வந்திருந்தார். என் போன் விடாமல் கிணுகிணுப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“எம் பெரட்டுல கூட இத்தன பேர் நிக்க மாட்டாங்க தங்கச்சி, ஒங்க போன்ல நிக்கிறாங்க.”

மூன்றாம் தரப்பு

செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாட்கூலியாகக் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறாள் என்றும், எட்டு வயதில் ஒரு மகள் என்றும் சொன்னாள். அதற்கு முன் எங்கே என்று கேட்டேன். கொஸ்லந்தப் பக்கம் என்றாள். இடது கையை மேசைமேல் வைத்தபோது முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது. நான் கேட்காமலே சொன்னாள்: புருஷன் உடைத்தது. இரண்டாவது தடவையும் உடைத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று அவளுடைய அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவளுக்கு வேண்டியது உள்ளே இருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு வீடு.

கணவர் ஏன் இல்லை என்ற கேள்விக்குத் தளமே விடைகளை வைத்திருந்தது, ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ‘கணவரின் வன்முறை’ என்றும் ஒன்று இருந்தது. அதைத் தொடும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். நான் பெரிய ஆள் மாதிரி பக்கத்தின் அடியில் இருந்த ‘தனியுரிமைக் கொள்கை’யைத் திறந்து வாசித்துக் காட்டினேன்: தங்களது தனிப்பட்ட தகவல்கள் எக்காரணம் கொண்டும் மூன்றாம் தரப்பினருக்கு வெளிப்படுத்தப்பட மாட்டாது. அவள் கேட்டாள்:

“எம் புருஷன் எத்தனாவது தரப்புங்கக்கா?”

வெளிப்படையான நிர்வாகம்

அவன் எந்தத் தரப்பும் இல்லை, பயப்படாதே என்று சொல்லி அனுப்பினேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வெளியாகிவிட்டது என்று ஊரே கடைக்கு வந்தது. தெரிவானவர்களின் பெயர் மட்டும் இருக்கும் என்று நினைத்துத் திறந்தேன். விண்ணப்பித்த எல்லாருடைய பெயரும் இருந்தது. பெயருக்கு நேரே அடையாள அட்டை இலக்கம், பழைய விலாசம், புதிய விலாசம், லயம், காம்பரா, போன் நம்பர், வருத்தம், கணவர் இல்லாத காரணம். நட்சத்திரம் போட்டுக் கேட்டதையெல்லாம் அப்படியே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். யாரும் எதையும் திருடவில்லை. ஒரு ஆபீசர் ஒரு பொத்தானை அமர்த்தி, வெளிப்படையான நிர்வாகம் என்று தலைப்பும் போட்டு, எல்லாரும் பார்க்க மாட்டிவிட்டிருக்கிறார்.

பதுளையிலிருந்து காப்புறுதி விற்கிற தம்பி ஒருவர் வந்து முழுவதையும் பிரின்ட் கேட்டார். முடியாது என்றேன். பரவாயில்லை, போனிலேயே இருக்கிறது, வாட்ஸ்அப்பில் எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது என்றார். பிறகு திரையை விரலால் தள்ளிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்:

“யாருக்கு என்ன வருத்தம்னு கூடப் போட்டிருக்காங்க அக்கா, எனக்கு மலை ஏறி எறங்குற வேல மிச்சம்.”

அண்ணன் என்று சொன்னவன்

எல்லாத் தோட்டத்துக்கும் என்று அவர் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்வியின் வரியைத் தேடினேன். கொஸ்லந்த விலாசம் ஒரு கட்டத்தில், தெமோதரை விலாசம் அடுத்த கட்டத்தில், கடைசிக் கட்டத்தில் கணவரின் வன்முறை. உடனே அவளுக்குப் போன் எடுக்க வேண்டும் என்று நம்பரைப் பார்த்தேன். என் நம்பர். நானே போட்ட நம்பர். அவளைக் கூப்பிட எனக்கு வழி இல்லை.

நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று அன்று காலையிலேயே கடையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது அதே நம்பருக்கு அழைப்பு வந்தது. ஆண் குரல், நல்ல மரியாதையாகப் பேசினான். செல்வியின் அண்ணன், குடும்பத்தில் ஒரு விசேஷம், தங்கச்சியிடம் கொடுங்கள் என்றான். பிழையான நம்பர் என்றேன். அவன் கோபப்படவில்லை. கொஞ்சம் சிரித்தமாதிரி இருந்தது.

“நம்பருதான் தப்பு, லயம் நம்பரு சரியாத்தானே இருக்கும்?”

மூன்றாவது பள்ளிக்கூடம்

ஓட்டோ பிடித்துத் தெமோதரைக்குப் போனேன். அவள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கிப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, அப்படியே தலையில் கட்டிய சீலையோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். காம்பராவுக்குப் போய் உடுப்பு எடுக்கலாம் என்றேன், வேண்டாம் என்றாள். அவள் சொன்னது சரி. பின்னேரம் நாலு மணிக்கு அவன் வந்து, நேரே அந்த லயத்துக்குப் போய், நேரே அந்தக் காம்பராக் கதவை உடைத்திருக்கிறான். ஒருவரிடமும் வழி கேட்கவில்லை என்று பக்கத்துக் காம்பராக்காரி பிறகு எனக்குச் சொன்னாள்.

அப்போது செல்வியும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். எங்கே என்று இங்கே எழுத மாட்டேன், நான் ஒன்றும் இணையத்தளம் இல்லை. ஓட்டோவில் அந்தப் பிள்ளை என் மடியிலேயே தூங்கிவிட்டது. புத்தகப்பை பள்ளிக்கூடத்திலேயே கிடந்தது. இறங்குகிற இடம் வந்ததும் செல்வி கேட்டாள்:

“இது மூணாவது பள்ளிக்கொடம் அக்கா. அங்க விலாசம் கேட்டா என்ன சொல்றது?”

குற்றவாளி அகப்பட்டார்

மறுநாள் பதுளையில் அந்தச் சபையின் அலுவலகத்துக்குப் போனேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. பட்டியலை எடுங்கள், இன்றைக்கே எடுங்கள், ஒரு பெண்ணைக் கொல்லப் பார்க்கிறீர்கள் என்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீரும் தந்தார். கெட்ட மனிதர் இல்லை. பட்டியலை மேலிடம்தான் போடச் சொன்னது, எடுப்பதற்கும் மேலிடம்தான் சொல்ல வேண்டும், எதற்கும் எழுத்தில் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே போன் நம்பரைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது.

கோப்பு ஒன்றை எடுத்து வந்தார். ஒரே நம்பரிலிருந்து பல விண்ணப்பங்கள் வந்திருப்பதாகவும், யாரோ தரகர் வேலை செய்வதாகவும் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு முறைப்பாடு இருந்ததாம். தளம் மூன்று மாதமாகக் கேட்காததை அவர் அன்றைக்குக் கேட்டார். போன் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டு, மிகவும் வருத்தத்தோடு சொன்னார்:

“வேற ஆக்களின்ர விண்ணப்பத்தில உங்கட நம்பரைப் போட்டிருக்கிறியள் அம்மா, தகவல் பாதுகாப்பை மீறினது நீங்கள்தானே.”

நீக்கல் படிவம்

நான் கிளம்பும்போது அந்த உத்தியோகத்தரே ஒரு வழியும் சொன்னார். பெயரை நீக்க வேண்டுமானால் தளத்தில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறதாம். கடைக்கு வந்து திறந்தேன். அடையாள அட்டை இலக்கம், நட்சத்திரம். நீக்கக் கோரும் காரணம், நட்சத்திரம். தற்போதைய விலாசம், நட்சத்திரம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், வெளிப்படைத்தன்மை கருதி நீக்கல் கோரிக்கைகளும் இத்தளத்தில் வெளியிடப்படும் என்று இருந்தது. மூன்று தடவை வாசித்தேன். மேசையில் ஓங்கி அடித்ததில் பிரின்டர்மேல் இருந்த தேத்தண்ணி கொட்டியது. அன்று பின்னேரம் செல்வி யாரோ ஒருவருடைய போனிலிருந்து கூப்பிட்டபோது அந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் பிள்ளை ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனைக் காதில் வைத்தாள்.

“அப்ப, இப்ப எங்க இருக்கேன்னு சொன்னாத்தான் முந்தி எங்க இருந்தேன்னு அழிப்பாங்களா?”

பராமரிப்புப் பணி

நான் அந்தப் படிவத்தை நிரப்பவில்லை. மாரியம்மாவையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்த அலுவலக வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பட்டியல் காணாமல் போயிருந்தது. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. ‘பராமரிப்புப் பணி காரணமாக இப்பக்கம் தற்காலிகமாக இயங்காது’ என்று மட்டும் போட்டிருந்தார்கள். போன்களில் இருக்கிற பட்டியலை எந்தப் பராமரிப்பும் ஒன்றும் செய்யாது. அவன் கொஸ்லந்தையில்தான் இருக்கிறான், அவன் போனிலும் அது இருக்கிறது.

போன கிழமை என் போனுக்கு, அதாவது செல்வியின் நம்பருக்கு, சபையிலிருந்து ஒரு செய்தி வந்தது. கொடுத்த விலாசத்தில் விண்ணப்பதாரி வசிக்கவில்லை என்று தெரியவந்ததால் அவளுடைய விண்ணப்பம் ரத்து. கதவு உடைந்து கிடந்த காம்பராவைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். செல்வி மறுபடி கூப்பிட்டபோது அதைச் சொன்னேன். அவள் கேட்டாள்:

“அவங்களும் என்னத் தேடி வந்தாங்களா?”

அந்தச் சபை எங்கள் பக்கத்தில் இன்னும் ஒரு வீடுகூடக் கட்டவில்லை, ஆனால் ஒருவன் கொஸ்லந்தையிலிருந்து யாரிடமும் வழி கேட்காமல் தெமோதரையில் ஒருத்தியின் கதவு வரைக்கும் போக, மூன்று மாதத்தில் இலவசமாகப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது.