மீன் மட்டும்தான் என்று சொன்னேன்

2006 மார்ச் மாதம், பஹ்ரைனில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஈசா டவுன் பக்கம் ஒரு கம்பெனியில் ஏ.சி. ஹெல்பர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டுவிட்டோம். படிப்புதான் இல்லையே தவிர, வாய் நிறைய இருந்தது. ரூமில் எட்டுப் பேர். என் கேலிக்குத் தப்பியவர் ஒருவரும் கிடையாது.

அதிகம் மாட்டியவர், என்னோடு ஜோடியாக வேலை பார்த்த மெக்கானிக் அண்ணன். குளச்சல் பக்கம் கடற்கரை ஊர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். ஈஸ்டர் முடிந்ததும் அவருக்குக் கல்யாணம். லீவும் கிடைத்துவிட்டது. பக்தி ஜாஸ்தி. தவக்காலம் வந்தால் நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டார், பீர் தொடமாட்டார். அது போக இன்னும் ஏதாவது ஒன்றை விடுவார். ஆனால் விட்டதை வெளியே சொல்லமாட்டார். நோன்பிருப்பதை ஊருக்குக் காட்டக் கூடாது என்று வேதத்திலேயே இருக்கிறதாம். முந்தின வருஷம் டீயை விட்டபோது, "வயித்துக்கு ஒத்துக்கிடல மக்கா" என்றே நாற்பது நாளும் சாதித்தார். ஈஸ்டர் காலையில் மூன்று டம்ளர் டீயை ஒரே மூச்சில் குடித்தபோதுதான் குட்டு உடைந்தது.

எங்கள் சைட் என்ஜினியர் ஓர் அயர்லாந்துக்காரர். ஒரு லீவு நாளில் அவர் வீட்டு ஏ.சி.யைச் சரிபண்ணிக் கொடுத்தோம். மனிதருக்கு ஒரே சந்தோஷம். மூன்று நோட்டீசை எங்கள் கையில் கொடுத்தார். அவர்கள் நாட்டுப் புனிதரின் திருநாள் வருகிறதாம். அதையொட்டி மூன்று ஹோட்டல்களில் அயர்லாந்துச் சாப்பாட்டுத் திருவிழா. எது வேண்டுமோ சொல்லுங்கள், இரண்டு பேரும் என் விருந்தாளியாக வாருங்கள் என்றார். அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அதற்காக விருந்தை விட முடியுமா?

ரூமில் கட்டிலின் மேல் மூன்றையும் பரப்பி, படத்தைப் பார்த்தே ஆராய்ச்சி செய்தேன்.

"அண்ணே, இதப் பாருங்க. மாட்டுக்கறி, கெழங்கு, கூடவே கறுப்பு பீரு. இதுக்கே போவோம்."

"தவக்காலத்துல மாட்டுக்கறியால? வெளங்கிரும்."

"அப்போ இது? பன்னிக்கறி. பாத்தாலே எச்சி ஊறுது."

"லேய், வெள்ளிக்கிழமைல அது. சுத்தபோசனம், கறியே தொடப்பிடாது. ஒன்ன எந்தச் சாமியார்ல ஞானஸ்நானம் குடுத்துக் கெடுத்தாரு?"

மூன்றாவது நோட்டீசில் முழுக்க மீனும் கடலும். வெள்ளிக்கிழமை மதியம். கோயிலில் பூசை முடிந்து நேரே போய்விடலாம். "மீனுன்னா ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு" என்று அண்ணன் அதையே எடுத்தார். அவருக்காக நானும் மாட்டுக்கறியைத் தியாகம் செய்தேன்.

ஹோட்டல் புல்தரையில் கூடாரம் போட்டிருந்தார்கள். பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை, பிடில் வாசிப்பு. என்ஜினியரும் அவர் சம்சாரமும் எங்களைத் தங்கள் மேஜையிலேயே உட்காரவைத்தார்கள். பாலும் கிழங்கும் மீனும் போட்டு வெள்ளையாக ஒரு சூப். அதில் சிப்பியும் இறாலும் மிதந்தன.

எட்டிப் பார்த்த அண்ணன் பின்வாங்கினார். "அதுல சிப்பி கெடக்கு. எனக்கு வேண்டாம் மக்கா, ஒத்துக்கிடாது."

அந்த 'ஒத்துக்கிடாது' என் காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓகோ, இந்த வருஷம் விட்டது சிப்பியா!

"கொளச்சல்காரருக்குச் சிப்பி ஒத்துக்கிடாதா? மீனுக்கு நீச்சலு ஒத்துக்கிடாதுங்கிற மாதிரில்லா இருக்கு!"

அவர் சிரித்தாரே தவிர, தொடவில்லை. நான் விடுவேனா? எழுந்து போய் அதே சூப்பில் இன்னொரு கிண்ணம் வாங்கினேன். அங்கேயே நின்று, சிப்பியையும் இறாலையும் ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டு, மேலே இரண்டு மீன் துண்டை வைத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"இது வேற சூப்புண்ணே. வெறும் மீனும் கெழங்கும்."

நம்பிக் குடித்தார். கிண்ணம் காலியானதும் 'நோன்பு முறிஞ்சிருச்சு' என்று கைதட்டிச் சொல்ல வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணம் காலியாகவில்லை. பாதியிலேயே கரண்டியை வைத்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது. கண் இரண்டும் வீங்கிச் சுருங்கின. மூச்சு விசிலடிப்பதுபோல் வந்தது. நாற்காலியோடு சரிந்தார்.

என்ஜினியரின் சம்சாரம் மேஜையைச் சுற்றி ஓடிவந்து குனிந்து என்னைக் கேட்டார்: "என்ன சாப்பிட்டார்?" அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும்.

"பிஷ். ஒன்லி பிஷ்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? பயம். செய்தது தெரிந்துவிடுமே என்ற பயம். வேறொன்றும் இல்லை.

மீன் முள் என்று நினைத்துவிட்டார்கள். முதுகில் அடித்தார்கள். வாயைத் திறந்து விரலைவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் ரொட்டியைப் பிட்டு விழுங்கச் சொன்னார். அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார். பேச்சு வரவில்லை. கையைத் தூக்கி மேஜைமேல் இருந்த கிண்ணத்தைக் காட்டிவிட்டு, வீங்கிப்போன அந்தக் கண்ணால் என்னைப் பார்த்தார். உதடு நீலம் பாரித்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீ மாதிரி இல்லை இது. இந்த மனிதர் நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார்.

"நோ முள்ளு! ஷெல்! ஷெல் சூப்! நான்தான் குடுத்தேன்!" என்று கத்தினேன். எந்த மொழியில் கத்தினேனோ, அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஹேண்ட்பேக்கை அப்படியே தரையில் கவிழ்த்தார். தடித்த பேனாபோல் ஒன்றை எடுத்தார். பேன்ட்டோடு சேர்த்து அண்ணன் தொடையில் ஓங்கிக் குத்தினார். 'ஐயோ' என்று அலறியது அண்ணன் இல்லை, நான். அந்த அம்மாவுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதாம். அதற்காக எப்போதும் கையில் வைத்திருக்கிற ஊசி அது என்று பிறகுதான் தெரிந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அண்ணனுக்கு மூச்சு கொஞ்சம் சீராகியிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஊசி போட்டும் பயனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாயங்காலம் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். அண்ணன்தான் கரகரத்த குரலில் பேசினார்.

"சின்னதுல ஒருக்கா இப்பிடி ஆயி, செத்துப் பொழச்சேன். அதுலேருந்து எங்க வீட்டுல சிப்பி அவிக்கவே மாட்டாவ."

"தெரியாதுண்ணே. நோன்புன்னு நெனச்சிட்டேன்."

"அத வெளையாட்டுன்னு விட்டுருவேன் மக்கா. ஆனா அந்தம்மா கேட்டப்போ மீனுதாம்னு சொன்னியே... எனக்குக் காது கேட்டுக்கிட்டுல்லா கெடந்துச்சு."

ஒரு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்து அழுதேன்.

ஈஸ்டர் முடிந்து அவர் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. திரும்பி வந்து ரூமில் எல்லோருக்கும் போட்டோ காட்டினார். எனக்கும் காட்டினார். ஆனால் நான் நீட்டும் எதையும் முகர்ந்து பார்க்காமல் அவர் வாயில் வைத்ததில்லை. அதில் எனக்கு வருத்தப்பட உரிமையும் இல்லை.

கேலி இன்னும் என் வாயைவிட்டுப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஆனால் வேலையிலோ வீட்டிலோ ஏதாவது கோளாறாகி, என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், அதில் நான் செய்தது என்ன என்பதைத்தான் இன்றைக்கும் முதல் வார்த்தையாகச் சொல்கிறேன்.