முள்ளைத் தொடாத முப்பது நாள்

பாக்கெட் வாட்ச் விஷயத்தில் நான் பொல்லாத கர்வம் பிடித்தவன். தங்க மூடியில் கொடி வேலை செய்து சட்டைக்கு வெளியே தொங்கவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். வெள்ளை எனாமல் முகம், நீலம் ஏற்றிய மெல்லிய முள், அதற்கு மேல் வெளியழகு எதற்கு? மீதி அழகு பின்மூடிக்குள் இருக்கிறது: சக்கர அச்சுகளைத் தாங்கும் பதினைந்து சிவப்புக் கல், தலைமுடி கனத்தில் விரிந்து சுருங்கும் சுருள்வில். ரயில்வே குமாஸ்தா சம்பளத்தில் நாலு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. கட்டிய வயிற்றில் பாதி என் மனைவியுடையது.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த ஊரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் மூன்று பேர் கூடுவோம். கடைக்காரர், அரசாங்க ஆபீசில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பர், நான். எங்களுக்குள் ஒரு போட்டி. முப்பது நாள் சாவி மட்டும் கொடுக்கலாம், முள்ளைத் தொடக்கூடாது. ஸ்டேஷனுக்குத் தந்தியில் வரும் நேரத்தோடு தினமும் ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். குறைவாகப் பிசகும் வாட்ச் ஜெயிக்கும்.

போட்டி பாதியில் இருக்கும்போது, பகல் வெளிச்சம் மிச்சமாகட்டும் என்று அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களையெல்லாம் இருபது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தது.

"ஐசே, முள்ளைத் தொட்டால் போட்டி போச்சு. மனசிலை இருபதைக் கூட்டினால் சரிதானே," என்றார் யாழ்ப்பாணத்தார்.

சரிதான் என்று தலையாட்டினோம், படித்த முட்டாள்கள்.

அந்த வாரம்தான் என் மனைவி கப்பல் ஏற இருந்தாள். சயரோகம். நாகப்பட்டினத்துக்கு, தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்றார் டாக்டர். திரும்புவாளா என்று கேட்டேன், மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார். எனக்குக் கூடப் போக லீவு இல்லை. ஊர்க்காரக் குடும்பம் ஒன்று துணைக்குப் போனது. கிள்ளானில் என் அக்காள் வீட்டில் இருந்தவளைத் துறைமுகத்தில் போய்ப் பார்க்க அரைநாள் மட்டும் கிடைத்தது.

வண்டி பன்னிரண்டரைக்கு. வழியில் ரிப்பேர் கடையில் நுழைந்தேன். பழுதுக்கு வந்த கடிகாரங்கள் அங்கே ஆளுக்கொரு நேரம் காட்டும். நான் என் பையில் இருந்ததைத்தான் பார்த்தேன். யாழ்ப்பாணத்தாரும் இருந்தார். கைவாட்ச் ஒரு வாட்சா என்று வாக்குவாதம். அது வளையல், நேரம் காட்டாது என்று அடித்துப் பேசினேன். நடுவில் மூன்று வாட்சையும் எடுத்துப் பார்த்தோம். மூன்றும் ஒரே நேரம் காட்டின. இருபதைக் கூட்ட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் வாட்சில் பன்னிரண்டு இருபதுக்கு ஸ்டேஷனில் நின்றேன். பிளாட்பாரம் காலி. தலைக்கு மேலே பெரிய கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. ரயில்வேக்காரன் ரயிலைத் தவறவிட்டேன்.

அடுத்த வண்டியில் போய்ச் சேர்ந்தபோது கப்பல் போயிருந்தது. அக்காள் மட்டும் நின்றாள்.

"ஏணியில ஏறச் சொல்லி எல்லாரும் கத்துறாங்க தம்பி, இவ ஏறவே மாட்டேங்குறா. 'இன்னும் நேரம் இருக்குக்கா, அவரு வாட்ச் தப்பாது'ன்னு சொல்லிக்கிட்டே நின்னா."

வாட்சை வெளியே எடுத்தேன். போட்டி முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. கடலில் வீசியிருக்க வேண்டும். குறைந்தபட்சம் முள்ளையாவது திருப்பியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்: வெறுமனே பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் ஊரிலிருந்து தந்தி வந்தது. போட்டியில் நான்தான் ஜெயித்தேன். முப்பது நாளில் என் வாட்ச் பிசகியது ஒன்பது வினாடி.