கமலநாதனும் எதிர்க்கடைப் புதுசும்

கமலநாதன் தே தாரிக்கைக் கையில் பிடித்தபடி எதிர்க்கடையைத்தான் பார்க்கிறார். அது ஹாரூன் பாயின் அச்சுக்கடை. அங்கே மடிக்கணினியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தெரியாமல் இவருக்குத் தேநீர் இறங்காது.

உலு திராம் கடைத்தெருவில் இவருடைய கணினி பழுதுபார்க்கும் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரன் நான். இந்த மனிதரின் வயிற்றெரிச்சலை என்னிடம் மறைக்க முடியாது.

இருவருமே லினக்ஸ் ஆட்கள். காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளம் அது. அதில் சுடச்சுட வரும் பதிப்புதான் ஹாரூனுக்கு வேண்டும். கமலநாதனுக்கோ பலர் பயன்படுத்தி, பழுதெல்லாம் நீங்கி, அடங்கிய பழைய பதிப்பு. வேறு வழியில்லை. இங்குள்ள டயாலிசிஸ் நிலையத்தின் கணினிகள் அவர் பொறுப்பு. எதையும் சொந்த மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகே அங்கே போடுவார். அதனால் அங்கே என்ன பதிப்போ, இவருக்கும் அதேதான்.

“ரத்தம் சுத்தம் பண்ற எடத்துல கம்ப்யூட்டர் படுத்துச்சுனா யாரு பதில் சொல்றது? புதுசெல்லாம் நமக்கு வேணாம்லா,” என்பார். சொல்லும்போதே கண் எதிர்க்கடைக்குப் போய்விடும். “அங்க ஐகான்லாம் வட்டமா ஆயிருச்சாமே, பாத்தீங்களா?” என்று என்னிடம் உளவு கேட்பார். நான் நோட்டுப் புத்தகம் விற்கிறவன், எனக்கென்ன தெரியும்?

புதுச் சட்டையைக்கூட இரண்டு முறை துவைத்துவிட்டுத்தான் போடுவார். ஆனால் அடுத்தவர் சட்டைத் துணியைத் தடவிப் பார்க்காமல் விடமாட்டார்.

போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஹாரூன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் நாள் வெளியான பதிப்பை உடனே போட்டிருக்கிறார், பிரிண்டர் படுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கிடக்கிறது.

“அலமாக்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். “போதும்பா நாதா. ஒன்னோட பழசையே போட்டுக் குடுத்துரு.”

கமலநாதன் குத்திக்காட்டிச் சிரிப்பார் என்று நானும் ஆவலாக எட்டிப் பார்த்தேன். பழசைப் போட்டால் சீக்கிரம் முடிகிற வேலைதான். போடவில்லை.

“எதுக்கு பாய் தூக்கணும்? நல்லாத்தான இருக்கு.”

சாப்பாட்டை மறந்து அந்தப் புதுசுக்குள்ளேயே தோண்டினார். பிரிண்டர் ஓடத் தொடங்கிய பிறகும் விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு மெனுவாகத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “எப்பிடி வழுக்கிட்டுப் போவுது பாருங்க,” என்றார் என்னிடம். குரலில் பொறாமை அப்பட்டமாக இருந்தது.

“முடிஞ்சிருச்சா நாதா?”

“ம், முடிஞ்சிருச்சு பாய்.”

திரையைச் சட்டை நுனியால் துடைத்தார். மெதுவாக மூடி நீட்டினார். ஹாரூன் பிடித்து இழுத்தார். கமலநாதனின் கை விடவில்லை.