உகாய் சான் கேட்ட மன்னிப்பு

உகாய் சானைப் போல மரியாதை தெரிந்த மனிதர் எங்கள் கேமராக் கூட்டத்தில் வேறு யாரும் கிடையாது. ஐம்பத்து மூன்று வயது. வாரம் முழுக்க சாய்தாமாவில் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர்; கடைக்காரர்களிடம்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆனால் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் தோக்கியோ கடற்கரை அரங்கத்தில் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவுக்கு, கதாபாத்திர வேடம் போட்டவர்களைப் படமெடுக்க வந்துவிட்டால் ஆளே வேறு. தொப்பியைக் கழற்றி, மூன்றடி தள்ளி நின்று, "ஷாஷின், யோரோஷீ தெஸ் கா?" என்பார். படமெடுக்கலாமா என்பதை அதற்கு மேல் பணிவாகக் கேட்பவரை நான் பார்த்ததில்லை. சரி என்று பதில் வரும்வரை கேமரா நெஞ்சோடு சாத்தியே இருக்கும். பார்வையை இந்தப் பக்கம் தர முடியுமா என்று வேண்டிக் கேட்பார். முடிந்ததும், வேடத்தில் உழைப்பு தெரிகிற இடத்தைத் தேடிப் பிடித்துப் பாராட்டுவார். தனியாக வாழ்கிறவர், இந்த வாக்கியங்களைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினாராம். அவரே சொன்னது.

நான் அவரைச் சீண்டாத நாளில்லை. இப்படியே குனிந்துகொண்டிருந்தால் ஒருநாள் நிமிரவே முடியாமல் போகும் என்பேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு எப்போதுமே கொஞ்சம் அதிகம்.

அந்த ஆகஸ்டில் அரங்கத்தின் மொட்டைமாடி கொதித்தது. மிசோரே என்று பெயர்ச்சீட்டு குத்திய ஒரு பெண், இருபது வயதிருக்கும், காமிக்ஸ் படைத்தலைவி ஒருத்தியின் வேடத்தில் நின்றாள். அந்தத் தலைவிக்கு இடது கன்னம் முழுக்கத் தீக்காயத் தழும்பு. மிசோரே முதல்தடவை வருகிறாள் என்பது நிற்கிற நிலையிலேயே தெரிந்தது. உகாய் சான் கேட்டார், எடுத்தார், வழக்கம்போலப் பாராட்டினார்.

"தழும்பு பிரமாதமா வந்திருக்குங்க. போட எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரங்க" என்றாள். "ஓரத்துலதான் நிறம் சேரவே இல்ல. மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன்."

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. இடது கன்னத்தைத் தானாகவே வெயிலுக்குத் திருப்பிக் காட்டினாள். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்தது, பத்துப் பேர் இருப்பார்கள். எல்லோரும் தழும்பு தெரிகிற மாதிரி நிற்கச் சொன்னார்கள், அவளும் சளைக்காமல் நின்றாள்.

காலையில் ரயில் நிலையப் பெண்கள் கழிவறையில், எனக்குப் பக்கத்துக் குழாயில் அவள் சோப்புப் போட்டு முகம் கழுவியதை நான் பார்த்திருந்தேன். அது கழுவினால் போகிற தழும்பு இல்லை.

வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் சந்தோஷத்தைக் கண்ணால் பார்த்தும் என்னால் இருக்க முடியவில்லை. உகாய் சான் தெரியாமல் உளறிவிட்டார், பின்னால் தெரிந்தால் நொந்துபோவார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு வராது. அவர் காதருகே போய், "அது மேக்கப் இல்ல, நிஜம்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. நான் கையைப் பிடிப்பதற்குள் வரிசையைத் தாண்டி அவள் முன்னால் போய் நின்று, இடுப்பு மடிய வளைந்து, "மோஷிவாகே கொஸாய்மாசென்" என்றார். நம் வண்டியில் அடிபட்டவர் வீட்டுக்குப் போய்ச் சொல்கிற மன்னிப்பு அது. உங்கள் காயத்தை வேடமென்று நினைத்துவிட்டேன் என்று ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னார். பழக்கப்பட்ட குரல், கடைசி ஆள்வரை கேட்டது.

வரிசை மொத்தமும் அவள் கன்னத்தைப் பார்த்தது. பிறகு பார்க்காதது போல எல்லோரும் குனிந்து கேமராவைத் தடவினார்கள்.

"பரவாயில்லைங்க" என்றாள். பொய்முடியை இழுத்துக் கன்னத்தில் விட்டுக்கொண்டாள். நின்றவர்களுக்கெல்லாம் முறைப்படி நன்றி சொன்னாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. என்னால் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து உகாய் சான் என் வீட்டுக்கு வந்தார். படங்களைக் கணினியில் திருத்துவது அவருக்கு வராது, நான்தான் செய்துகொடுப்பேன். ஏதாவது திருத்தம் வேண்டுமா என்று வழக்கப்படி, அவள் பெயர்ச்சீட்டில் இருந்த இணைய முகவரிக்கு எழுதிக் கேட்டிருந்தார். வந்த பதிலைக் காட்டினார். குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அந்த வெயிலில் நின்று எடுத்ததற்கு நன்றி, சிரமமில்லையென்றால் கன்னத்துத் தழும்பை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தாள்.

"அது இல்லாட்டி அந்தத் தலைவியே இல்லையே" என்றார். பிறகு, "இதுக்கு என்னங்க பதில் எழுதணும்?" என்றார். அத்தனை வாக்கியம் பழகிய மனிதர்.

காதில் சொன்னது நான் என்பதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. எழுதிவிடுங்கள் என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, சொல்லவில்லை. மொத்தம் பதினான்கு படம். ஒவ்வொன்றாகத் திறந்து, அவள் வெயிலுக்குத் திருப்பிக் காட்டிய கன்னத்துத் தழும்பை அழித்தேன்.