பின்கதவு வண்டியும் நம்பர் கட்டையும்

மோட்டார் காரின் அழகை எல்லாரும் முன்பக்கம் நின்று பார்ப்பார்கள். பின்பக்கம் குனிந்து பார்த்துப் பிழைத்தவன் நான். முப்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் வண்டிகளைச் சோதித்து அனுமதிச் சீட்டு கொடுக்கும் ஓர் ஆபீஸில் நான் பியூன். நம்பர் எழுத்து எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னதோ, அந்த உயரத்துக்கு வெட்டிய தேக்குக் கட்டை ஒன்றை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதை எழுத்தின் பக்கத்தில் வைப்பேன். எழுத்து குட்டையாக இருந்தால் "குறை" என்பேன். இன்ஸ்பெக்டர் துரை தாளில் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். வெளியே நின்று வசவு வாங்குவது என் பங்கு. மேலே இருப்பவருடைய முடிவுக்குக் கீழே நின்று ஏச்சு வாங்கிய யாருக்கும் இந்த உத்தியோகத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளங்கை அகலம்

மரியதாஸ் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்தவன். யாரோ கழித்துவிட்ட பழைய காரை வாங்கி, பின்பாதியை அறுத்து, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு, பின்னால் கதவும் படியும் வைத்து, எட்டுப் பேர் உட்காரும் வண்டியாக்கியிருந்தான். கிள்ளானுக்கும் பண்டமாரானுக்கும் நடுவில் ஆள் ஏற்றுவதாக யோசனை. வேலைப்பாடு அருமை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். வண்டி ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் பட்டறை வேலையையும் விட்டுவிட்டான். நாங்கள் சீட்டு கொடுத்தால் அவன் முதலாளி. கொடுக்காவிட்டால் அவனுக்கு வேலையும் இல்லை, வண்டியும் இல்லை.

கதவும் படியும் போகப் பின்னால் மிஞ்சிய இடம் உள்ளங்கை அகலம். அதில் அடங்கும்படி நம்பரைக் குட்டையாக எழுதியிருந்தான். கட்டையை வைத்தேன், எழுத்தைத் தாண்டி ஒரு விரல் நீட்டிக்கொண்டிருந்தது. "குறை" என்றேன். இன்ஸ்பெக்டர் கோடு போட்டார். மரியதாஸ் என்னைக் கோபிக்கவில்லை. பின்கதவைத் திறந்து மூடிக்கொண்டே கேட்டான்:

"அண்ணே, நம்பருக்காகக் கதவ அடைச்சிட்டா, ஆளுங்க எது வழியா ஏறுவாங்க?"

பலகை

பத்து நாளில் திரும்பி வந்தான். சரியான அளவில் நம்பர் எழுதிய பலகையைப் படிக்குக் கீழே தொங்கவிட்டிருந்தான். கட்டை எழுத்தோடு ஒட்டி நின்றது. எனக்கே சந்தோஷம். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, சிவப்பு விளக்கு எங்கே என்றார். விளக்கு பலகைக்குப் பின்னால் இருந்தது. ஒரு கோடு.

விளக்கை மேலே ஏற்றிக்கொண்டு மறுவாரம் வந்தான். இப்போது விளக்கு தெரிந்தது, ஆனால் அதன் வெளிச்சம் நம்பர்மேல் விழவில்லை. நம்பர்மேல் வெளிச்சம் விழவேண்டும் என்பதும் சட்டம். இன்னொரு கோடு. வராந்தாவில் உட்கார்ந்திருந்த, எங்கள் ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்:

"சட்டம் உமக்கு எதிரில்லை, மரியதாஸ். உம்முடைய காருக்குத்தான் எதிர்."

வெள்ளைக் கார்

அதே வாரம் ஒரு வெள்ளைக் கார் வந்தது. ஓட்டிவந்தவர் ஈயம் தோண்டும் லம்பத்தில் பெரிய துரை. வேகத்துக்காக மட்கார்டுகளைக் கழற்றிப்போட்டு, பின்பக்கத்தைக் கூராக்கி, அந்தக் கூர் முனையில் நம்பரை எழுதியிருந்தார். கிட்டே போய்க் குனிந்தால்தான் படிக்க முடியும். நான் வழக்கம்போலக் கட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். துரையிடம் பங்சார் பக்கம் நடந்த ஏதோ விருந்தைப் பற்றிப் பேசிச் சிரித்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை மட்டும் அசைத்து, அளக்க வேண்டாம் என்பதை மலாயில் சொன்னார்:

"தா பாயா, தா பாயா."

சந்தனம்

மரியதாஸ் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். நம்பரைக் கதவுமேலேயே பெரிதாக எழுதினான். விளக்கைக் கதவுக்கு மேலே வைத்தான். அளவும் இருக்கும், வெளிச்சமும் விழும். இதற்குமேல் செலவு செய்யத் தெம்பில்லை, இதுவே கடைசி என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

சோதனைக்கு முதல் நாள் ஆயுத பூஜை. பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டாண்டில் வாடகைக் கார்க்காரர்கள் தங்கள் வண்டிகளுக்குப் பூஜை போட்டார்கள். மரியதாஸ் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் நம்ம கூட்டாளி வண்டி வெறுமனே நிற்பதா என்று, அவன் வண்டிக்கும் மாலை போட்டு, நம்பர்மேல் கை நிறையச் சந்தனம் அப்பிவிட்டார்கள். பெயிண்ட் அப்போதுதான் அடித்தது. காயவில்லை.

காலையில் இன்ஸ்பெக்டர் முகம் சுளித்து, துடை என்றார். ஈரத் துணியை எடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். சந்தனத்தோடு நம்பரும் வந்துவிட்டது. பதமாகத் துடைத்திருக்கலாம். காயட்டும், மதியம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துரை நிற்கிறாரே என்ற அவசரத்தில் என் கை முந்திக்கொண்டது. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. நம்பர் இல்லாத வண்டி என்று எழுதிக் கோடு போட்டார்கள். நான் துணியோடு நின்றேன். மரியதாஸ் மாலையைக் கழற்றி மடித்துக்கொண்டே சொன்னான்:

"ஆசையா வச்சாங்கண்ணே. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

நாய்கள்

மூன்று மாதம் கழித்து அந்த வண்டி மறுபடியும் வந்தது. காஜாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துரை அதை வாங்கியிருந்தார். பின்கதவும் பெஞ்சும் அவருடைய வேட்டை நாய்கள் ஏறி இறங்க வசதியாம். கதவுக்குப் புதுப் பச்சைப் பெயிண்ட் அடித்து, நம்பரைப் பழையபடி அந்த உள்ளங்கை அகல இடத்துக்கே கொண்டுபோயிருந்தார்கள். அதே எழுத்து, அதே குட்டை. வண்டியின் குணம் தெரிந்தவன் என்று மரியதாஸையே டிரைவராக வைத்துக்கொண்டார் துரை. பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டையில் அவன் இறங்கி நின்றான்.

இன்ஸ்பெக்டர் நாய்களைத் தட்டிக்கொடுத்தார், எந்த ஜாதி என்று விசாரித்தார், வண்டியைச் சுற்றி வராமலே கையெழுத்துப் போட்டார். எனக்கு வேலையே இல்லை. கட்டையைப் பையில் வைக்கப் போனபோது மரியதாஸ் என் பக்கத்தில் வந்து, துரைமார் காதில் விழாதபடி மெதுவாகச் சொன்னான்:

"ஒரு தடவ வச்சுத்தான் பாருங்களேண்ணே. நாய்ங்க ஏறின பெறகு நம்பர் வளந்திருக்கும்."

சட்டத்தில் குறை ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் ஒரே உயரம்தான் எழுதியிருந்தது; யாரை அளக்க வேண்டாம் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தார்கள், அதை என்னைப் போன்றவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம்.