உலகம்மை திறந்து வைத்த இணையக் கடை

புற்றுநோய் வந்து என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இதை இப்படி ஒரே வரியில் என்னால் எழுத முடிகிறதே, அதுவே தென்காசிக் கோயிலில் இருக்கும் உலகம்மை எனக்குச் செய்த உதவிதான். என் பெயர் செண்பகவல்லி. தையல் கடை வைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே வரவே கூசியது. வாங்கி வைத்த செயற்கை மார்பால் வேர்த்து வேர்த்துப் புண்ணாகிவிட்டது. பருத்தித் துணியில் பஞ்சு அடைத்து நானே ஒன்று தைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்த நர்ஸம்மா, "இன்னும் நாலு பேருக்குத் தைச்சுத் தாங்களேன், பாவம், கேட்டுக்கிட்டே இருக்காவ" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஆனால் எல்லோருக்கும் கேட்டு வாங்கக் கூச்சம். சுரண்டையிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெண், கடையில் ஆண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, வேண்டாத லைனிங் துணியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பிறகு போனில் சொல்லி அழுதாள். முகம் காட்டாமல் வாங்க இணையத்தில் ஒரு கடை போடுவோம் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

எந்தத் தளத்தில் போடுவது? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எல்லோரும் விற்கிற பெரிய சந்தைத் தளம் ஒன்றில் முதலில் போட்டேன். படத்தை ஆபாசம் என்று தூக்கிவிட்டார்கள். விளக்கி எழுதினேன். மறுபடியும் தூக்கினார்கள். என் உடம்பைப் பார்த்தே சொன்னதுபோல இருந்தது. அடுத்து, மாத வாடகைக்குக் கிடைக்கும் இன்னொரு தளத்தில் கடை எடுத்தோம். என் கணவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினார். ஆர்டரும் வந்தது. சந்தோஷப்பட்டு முடியவில்லை, ஒரு பெண் போன் செய்தாள்.

"எக்கா, என்ன வாங்கினேன்னு பேரோட மெசேஜ் வந்துட்டு. வீட்ல இருக்கது ஒரே போன். அப்பம் எம் மருமவன் கையில இருந்துச்சு. இனி அவுக மொகத்துல எப்படிக்கா முழிப்பேன்?"

அந்தச் செய்தியை மாற்ற வழி தேடினோம். அந்தத் தளத்தில் முடியவில்லை. இணையக் கடையை மூடிவிட்டேன். உதவி செய்யப் போய் ஒருத்தியைத் தலைகுனிய வைத்துவிட்டேனே என்று சோறு இறங்கவில்லை.

"வேற எதாவது பாப்போம்ட்டி. இதுக்காகவா விட்டுருவ?" என்றார் கணவர்.

"எது சரின்னு தெரியாம இன்னொருத்தியையும் அழ வைக்கச் சொல்லுதியளா?" என்று கேட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

ஆடி வெள்ளி. நல்ல கூட்டம். உலகம்மை சன்னதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. "அம்மா, வழியக் காட்டு. இல்லன்னா இந்த ஆசைய எங்கிட்ட இருந்து எடுத்துரு." அவ்வளவுதான் கேட்டேன். அழுதேன்.

கோபுர வாசல் காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே வரும்போது போன் அடித்தது. கடையநல்லூரிலிருந்து ரஹ்மத் என்ற பெண். அவள் அம்மாவுக்கு ஒன்று வேண்டுமாம். கடையை மூடியதையும் அதற்கான காரணத்தையும் சொன்னேன்.

"அக்கா, நான் வீட்ல இருந்தே வெப்சைட் செஞ்சு குடுக்குறவ. எங்க உம்மாவும் இப்படித்தான் வெக்கப்பட்டுக்கிட்டு வெளியவே வராம இருக்காங்க. எந்தத் தளம் பெருசுன்னு பாக்காதீங்க. வாங்குற பொம்பளைக்கு என்னென்ன பயம்னு சொல்லுங்க, அதுக்குத் தக்கன பாப்போம். நாளைக்கே வாரேன்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொன்னபடி மறுநாள் வந்தாள். யாருடைய கடைக்குள்ளும் போகாமல், இலவச மென்பொருளில் எங்களுக்கென்று சொந்தத் தளம் போடலாம் என்றாள். "பழுது வந்தா நாமதான் பாக்கணும். அந்தப் பாடு இருக்கு. ஆனா எதையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்." கணக்குத் தொடங்காமலே வாங்கலாம். எல்லாம் தமிழில். பார்சல் மேலும் செய்தியிலும் பொருளின் பெயர் இருக்காது. முதல் சோதனைச் செய்தியை என் கணவர் போனுக்கு அனுப்பினாள். "உங்கள் துணி புறப்பட்டுவிட்டது" என்று அவர் சத்தமாக வாசித்துவிட்டு, "என்ன துணின்னு எனக்கே தெரியலையே" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்று திருவேங்கடத்திலிருந்தும் ஆர்டர் வருகிறது, சென்னையிலிருந்தும் வருகிறது. யாரும் யாருக்கும் பயப்படாமல் வாங்குகிறார்கள். ரஹ்மத்தின் போன் அந்த நேரத்தில் வந்தது தற்செயல் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அம்மை யாரை அனுப்ப வேண்டுமோ அவளை அனுப்பினாள்.

இந்த வருஷச் சாரலில் குற்றாலம் போனேன். ஈரச் சேலை காட்டிக்கொடுத்துவிடும் என்று ஆபரேஷனுக்குப் பிறகு அருவிப் பக்கமே போனதில்லை. இந்த முறை உள்ளே எதுவும் வைக்காமல், பெண்கள் குளிக்கும் பக்கம் போய் நின்றேன். பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் என் மார்பைப் பார்த்தார்.

"ஆபரேசனா தாயி?"

"ஆமாம்மா."

வேறொன்றும் கேட்கவில்லை. தண்ணீர் நன்றாக விழுகிற இடத்திலிருந்து நகர்ந்து, கையைப் பிடித்து என்னை அங்கே நிறுத்தினார். அருவிச் சத்தத்தில் "உலகம்மா" என்று கத்தினேன்.

சகோதரிகளே, கம்ப்யூட்டர் சமாச்சாரத்தையெல்லாம் சாமியிடம் கேட்பதா என்று தயங்காதீர்கள். உங்களை அழ வைப்பது எதுவோ, அதையே அவளிடம் கொண்டுபோங்கள். சொல்லத் தெரியாவிட்டால் சும்மா போய் நில்லுங்கள். அவளுக்குப் புரியும்.